கூரை ஏறும் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீனப் பெருநாள் நெருங்கிவிட்டது. எங்கள் பாடாங் செராய் வட்டாரத்தில் குத்தகைக்காரர்கள் ஆள் தேடி அலையும் நேரம் இது. பெருநாளுக்குத் தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும் அந்தச் சில நாள்களில்தான் பழைய தகரத்தைப் பிரித்துப் புதுக் கூரை போட முடியும். உள்ளே இயந்திரம் ஓடாது, ஆள் நடமாட்டம் இருக்காது. இந்தப் பக்கம் எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வை எழுதி முடித்த பையன்கள் முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் கோப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். நாள் சம்பளம் இவ்வளவு, காலையில் லோரி வரும், நல்ல சப்பாத்து இருந்தால் போட்டுக்கொண்டு வா, அவ்வளவுதான். அந்த லோரி வருவதற்கு முன்னால் பெற்றோர் சிலராவது படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பால் மரம் சீவினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு இத்தனை ஆள் வேண்டாம் என்றார்கள், லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குள் வந்தோம். 1996-இல் கூலிம் ஹை-டெக் பார்க் திறந்தது. அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடம் எழும்பியபோது எங்கள் வயதுக்காரர்கள் பலர் கட்டுமான வேலைக்குப் போனோம். சிலர் கம்பி கட்டினார்கள், சிலர் சாரம் கட்டினார்கள். நான் கூரைக்குப் போனேன், முழங்கால் இடம் கொடுத்தவரை அதே வேலைதான். இப்போது ஏறுவதில்லை. ஆனால் யார் எங்கே ஏறுகிறார்கள் என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

தொழிற்சாலை வாசலில் என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. காவலர் சாவடிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கும். லோரியில் இருந்து இறங்கியவர்களை அங்கே உட்காரவைத்து ஒரு வீடியோ போடுவார்கள். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எங்கே புகைபிடிக்கக்கூடாது, எந்த மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது என்று அந்தத் தொழிற்சாலையின் விதிகள் எல்லாம் அதில் வரும். உயரத்தில் வேலை செய்வதைப் பற்றி ஒன்றிரண்டு படம் இருக்கும். அப்புறம் ஒரு தாள் சுற்றி வரும். பெயர், ஐசி எண், கையெழுத்து. ஹெல்மெட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விடுவார்கள். அரை மணி நேரத்தில் அந்தப் பையன் 'பாதுகாப்புப் பயிற்சி பெற்றவன்' ஆகிவிடுகிறான்.

கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் பச்சை அட்டை எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் வகுப்பு. அந்த வகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன், ஒன்றும் தெரியாமல் போவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதில் எல்லா வேலைக்கும் பொதுவானதைத்தான் சொல்ல முடியும். கூரை ஏறுகிறவனுக்குக் கூரையில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தோட்டத்தில் புதிதாக மரம் சீவ வருகிறவர்களிடம் நல்ல மரத்தைக் கொடுக்க மாட்டார்கள். வெட்டிச் சாய்க்க இருந்த கிழட்டு மரங்களில் பழக விடுவார்கள். கத்தியை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு ஆழம் போகலாம் என்று கங்காணி பக்கத்தில் நின்று காட்டுவார். பட்டையைத் தாண்டிக் கத்தி உள்ளே இறங்கினால் மரத்தில் காயம், அந்த இடத்தில் மறுபடி நல்ல பட்டை வராது, கம்பெனிக்கு நட்டம். கை பழகியது என்று கங்காணிக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் சொந்தமாக நிரை கொடுப்பார்கள். ஒரு மரத்துக்குக் காயம் படக்கூடாது என்று அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். பதினெட்டு, இருபது வயதுப் பையனைப் பத்து மீட்டர் உயரத்தில் ஏற்றுகிறோம். அவனைப் பழக விடுவதற்கு ஒரு பழைய கூரை இல்லையா இந்த நாட்டில்?

கூரையில் ஆளைக் கொல்வது எது என்று கேட்டால் பலர் விளிம்பு என்பார்கள். விளிம்பு கண்ணுக்குத் தெரியும், பயமும் இருக்கும், அதனால் அங்கே எல்லாரும் கவனமாக இருப்பார்கள். ஆபத்து நடுக்கூரையில் இருக்கிறது. தொழிற்சாலைக்குள் வெளிச்சம் வர வேண்டும் என்று தகரங்களுக்கு இடையிடையே பிளாஸ்டிக் தகடு போட்டிருப்பார்கள். புதிதில் பளிச்சென்று இருக்கும். நம் நாட்டு வெயிலில் சில வருடத்தில் மக்கிப்போய் உடையத் தயாராகிவிடும். மேலே தூசி படியும், பாசி பிடிக்கும், சில இடத்தில் தகரத்துக்கு அடித்த சாயத்தையே அதன்மேலும் சேர்த்து அடித்திருப்பார்கள். மேலே நின்று பார்த்தால் தகரம் எது, பிளாஸ்டிக் எது என்று பழகிய கண்ணுக்கே பிடிபடாது. தகரத்தின் அதே வளைவு, அதே அகலம். கால் வைத்தால் சத்தம்கூடக் கொடுக்காமல் விட்டுவிடும். பழைய ரப்பர் புகைக் கூடங்களிலும் ஸ்டோர்களிலும் இருக்கும் அஸ்பெஸ்டாஸ் கூரையும் அப்படித்தான். பார்க்கக் கல் மாதிரி கனமாக இருக்கும், ஆள் பாரம் தாங்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏறுவதற்கு முன்னால் கட்டடத்துக்குள் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் தகடு இருக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் தெரியும், எவ்வளவு தூசி படிந்திருந்தாலும் கொஞ்சமாவது தெரியும். சுவரில் இருந்து எத்தனையாவது தகடு என்று எண்ணித் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே போனதும் அதே கணக்கில் எண்ணி, முதல் வேலையாகச் சிவப்புச் சாயத்தால் குறுக்கே கோடு போட வேண்டும். அதன்மேல் கம்பி வலையோ பலகையோ போட்டு மூடிவிட்டுத்தான் மற்ற வேலை. நடப்பதற்குத் தனியாகப் பலகை போட வேண்டும், அந்தப் பலகை அடியில் ஓடும் இரும்புச் சட்டங்கள் இரண்டையாவது தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். முடிந்தால் கீழே வலை கட்ட வேண்டும். காலைப் பனி காயும்வரை தகரத்தில் கால் நிற்காது, அதுவரை ஏறக்கூடாது. மத்தியானம் இடி சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் பத்திரப்படுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும். இவ்வளவையும் ஒரு காலைப் பொழுதில் கையால் செய்து காட்டிவிடலாம். இது எதுவும் வாசலில் போடும் வீடியோவில் வருவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படிப்பட்ட தகட்டில்தான் கால் வைத்தான். எந்தத் தொழிற்சாலை, யார் குத்தகைக்காரர் என்று இங்கே எழுதவில்லை. தகரம் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்திருக்கிறான். நான் அதே கூரையின் மறுமுனையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் பிடித்திருந்த தகரம் ஒரு சதுர ஓட்டைக்குக் குறுக்கே கிடந்தது, ஆளைக் காணோம். கீழே இயந்திரத்தின் மேல் விழுந்திருந்தான். உயிர் பிழைத்தான், முதுகெலும்பு போய்விட்டது. பிறகு விசாரணை என்று வந்தபோது முதலில் மேசைக்கு வந்த காகிதம் எது தெரியுமா? காலையில் வாசலில் அவன் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள். 'நாங்கள் பயிற்சி கொடுத்திருக்கிறோம், இதோ அவருடைய கையெழுத்து.' அந்தக் கூரையில் பிளாஸ்டிக் தகடு எங்கெங்கே இருக்கிறது என்று அவனிடம் ஒருவரும் சொன்னதில்லை. அவனைக் காப்பாற்ற வேண்டிய காகிதம் கம்பெனியைக் காப்பாற்றப் பயன்பட்டது. என்னை இன்றுவரை உறுத்துவது இதுதான்.

குத்தகைக்காரர் அவன் என் ஆளே இல்லை என்றார். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவில் அவன் பெயரைப் பதிந்திருக்கவில்லை. 'நாளைக்குக் காலையில் வா, ஆள் குறைகிறது' என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளும், அவருடைய லோரிக்குப் பக்கத்தில் நின்று பையன்கள் எடுத்துக்கொண்ட படங்களும்தான் கடைசியில் சாட்சியாக நின்றன. கோரிக்கை ஏற்கப்பட்டு, அவன் மலாக்காவில் இருக்கும் பெர்கெசோ மறுவாழ்வு மையத்துக்குப் போய்ச் சக்கர நாற்காலியில் வாழப் பழகி வந்தான். அங்கே அவனை நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள்.

ஹார்னஸ் என்னும் பாதுகாப்புப் பட்டையை உடம்பில் போட்டிருந்தால் தப்பித்திருப்பானே என்று கேட்பீர்கள். போட்டிருந்தான். அதை மாட்ட ஓர் இடம் கொடுக்கவில்லை. ஹார்னஸைக் கையில் கொடுப்பதே பயிற்சி என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அதில் இருக்கும் கயிறு பொதுவாக 1.8 மீட்டர். விழும் வேகத்தைத் தாங்குவதற்காக மடித்துத் தைத்த பட்டை ஒன்று இருக்கும், அது பிரிந்தால் இன்னும் 1 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளும். கயிற்றை மாட்டும் வளையம் முதுகில், அங்கிருந்து பாதம் வரை ஏறக்குறைய 1.5 மீட்டர். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மீட்டராவது மிச்சம் வேண்டும். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 5.5 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நாலரை மீட்டர் உயரக் கொட்டகையில் காலடியிலேயே கொக்கியை மாட்டியவன், ஹார்னஸ் போட்டுக்கொண்டே தரையில் மோதுவான். கொக்கியைத் தலைக்கு மேலே மாட்ட வேண்டும், இல்லையென்றால் விளிம்பு வரைக்கும் போகவே முடியாதபடி கயிற்றைக் குறுக்க வேண்டும். தொடைப் பட்டையைத் தளர்த்திப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு தடவை தரையில் இருந்து இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டுக் காட்டினால் போதும், பையன் வாழ்நாளில் மறக்க மாட்டான். விழுந்து தொங்குகிறவனை உடனே இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்து. தீயணைப்பு வண்டி வரட்டும் என்று கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஏணி எங்கே, யார் ஏறுவது, யார் கயிறு பிடிப்பது என்று முன்கூட்டியே பேசி ஒருமுறை செய்தும் பார்த்திருக்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. வேலைக்குத் தேவையான தகவல், வழிகாட்டல், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் முதலாளி கொடுக்க வேண்டும் என்று அதன் 15-ஆவது பிரிவு சொல்கிறது. பயிற்சியோடு மேற்பார்வையையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஹெல்மெட்டுக்கும் ஹார்னஸுக்கும் முதல் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் குத்தகைக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும். திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளியின் கடமையை மீறினால் 50,000 ரிங்கிட்டாக இருந்த அபராத உச்சவரம்பு 500,000 ரிங்கிட் ஆகிவிட்டது.

ஆனால் எங்கள் ஊர்க் கூரைக் கூட்டங்கள் சட்டத்தின் சல்லடையில் நிற்பதில்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். பத்து உள்நாட்டுத் தொழிலாளர் இருந்தால் மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் பயிற்சிக்கு அனுப்பலாம். எங்கள் ஆட்கள் ஒரு லோரிக்கு மூன்று பேர், நான்கு பேர். ஒருங்கிணைப்பாளர் கிடையாது, நிதியும் கிடையாது. மேலிருந்து கீழே கை மாறி மாறி வந்து கடைசியில் மிஞ்சும் காசில் பயிற்சிக்கு என்று ஒதுக்க அந்தச் சின்னக் குத்தகைக்காரரிடமும் ஒன்றும் இருக்காது. அவரும் ஒரு காலத்தில் தகரம் தூக்கியவர்தான்.

அதனால் நான் கை காட்டுவது மேலே இருப்பவர்களை. திருத்தப்பட்ட சட்டத்தில் 18ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. வேலையைக் குத்தகைக்கு விடுகிறவர் தன் குத்தகையாளர், அவருக்குக் கீழ் வரும் துணைக் குத்தகையாளர், அவர்களுடைய ஆட்கள் எல்லாரும் தன் சொல்படி வேலை செய்யும்போது அவர்களுடைய பாதுகாப்புக்குப் பொறுப்பு என்கிறது அது. கூரை யாருடையது? தொழிற்சாலையுடையது. பிளாஸ்டிக் தகடு எங்கே இருக்கிறது என்று வரைபடம் யாரிடம் இருக்கிறது? தொழிற்சாலையிடம். பெருநாளுக்கு மூடும் முன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, ஏறப்போகும் ஒவ்வொருவரையும் அந்தக் கட்டடத்துக்குள் அழைத்துப்போய் மேலே பார்க்கச் சொல்லி, தாழ்வான ஒரு கொட்டகையில் பலகை போட்டு நடக்கவிட்டு, கொக்கி மாட்டவிட்டு, தொங்கவிட்டு இறக்கட்டும். அந்த அரை நாளுக்கும் சம்பளம் கொடுக்கட்டும். கையெழுத்து அதற்குப் பிறகு. பையன் செய்து காட்டியதைப் பார்த்தவரும் அதே தாளில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வேலையிடப் பாதுகாப்புத் துறையான டோஷின் அதிகாரிகள் வரும்போது வருகைத் தாளைக் கேட்பதோடு, கூரையில் இருப்பவனை இறங்கச் சொல்லி 'எங்கே தம்பி, ஹார்னஸைப் போட்டுக் காட்டு' என்று கேட்கட்டும். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

மொழிதான் பிரச்சினை, தமிழில் நடத்தினால் சரியாகிவிடும் என்று நம்மவர்கள் சிலர் சொல்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்த பையனுக்கு மலாய் நன்றாகவே புரியும். வயதானவர்களுக்கும், பக்கத்தில் நின்று தகரம் பிடிக்கும் வங்காளதேசத்து, நேப்பாளத் தொழிலாளர்களுக்கும் அவரவர் மொழியில் சொல்ல வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் செந்தமிழில் இரண்டு மணி நேரம் பேசினாலும், உட்கார்ந்து கேட்டவனின் கைக்கு ஒன்றும் வராது. கை பழக வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் கூரைக்கு அனுப்பாதீர்கள். அந்த வயதுக்குக் கீழே உள்ளவரை ஆபத்தான வேலையில் வைக்கக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. எஸ்.பி.எம். எழுதிய பலருக்கு இன்னும் பதினேழுதான். வயது ஆகியிருந்தால், லோரி ஏறும் முன் குத்தகைக்காரரிடம் நீங்களே கேளுங்கள்: பெர்கெசோவில் பெயர் பதிந்தாயிற்றா, எந்தத் தொழிற்சாலை, அந்தக் கூரையில் பிளாஸ்டிக் தகடு இருக்கிறதா, கொக்கியை எதில் மாட்டுவார்கள்? கேட்கக் கூச்சப்படாதீர்கள், பதில் தெரியாதவரோடு பிள்ளையை அனுப்பவும் செய்யாதீர்கள். பிள்ளையிடமும் ஒன்று சொல்லி அனுப்புங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நினைத்து, சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள இப்போது தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு, 26ஏ பிரிவு. அதற்காக அவனைத் தண்டிக்கக்கூடாது. 'இந்தத் தகட்டில் நான் கால் வைக்க மாட்டேன் அண்ணே' என்று சொல்ல அவனுக்கு வாய் வர வேண்டும். அப்படிச் சொன்னவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யும் மூத்தவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. அந்தப் பேச்சை அவர்கள் விட வேண்டும்.

டோஷ், சிஐடிபி, வேலையிடப் பாதுகாப்புப் பயிற்சிக் கழகமான நியோஷ் மூன்றுக்கும், எங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் என் கோரிக்கை இது. பாடாங் செராய், லூனாஸ், கூலிம் மூன்று ஊருக்கும் பொதுவாக, பெருநாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயல்முறைப் பயிற்சி நடத்துங்கள். கோயில் மண்டபமோ தமிழ்ப் பள்ளித் திடலோ கிடைக்கும், கேட்டால் நம் மக்கள் மறுக்க மாட்டார்கள். தகுதிபெற்ற பயிற்றுநரை நீங்கள் அனுப்புங்கள். மக்கிப்போன பிளாஸ்டிக் தகடும் பழைய அஸ்பெஸ்டாஸ் படமும், ஆள் உயரத்துக்குப் போட்ட மாதிரிக் கூரைச் சட்டமும், பழைய கூட்டாளிகள் நான்கைந்து பேரும் என் பொறுப்பு. தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூரைத் தொழிலாளி,
பாடாங் செராய், கெடா.